இடப்பக்கத் தழும்பு

பையை அதுமேல வைக்காதீங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க, கீழ அட்டை இருக்கு, மடங்கிச்சுன்னா போச்சு. இந்தா, நான் மடியில எடுத்து வச்சுக்கிடுதேன், நீங்க பையை இங்கன வையுங்க. சன்னல் ஓரம் வேணும்னா உள்ள தள்ளி உக்காருங்க. எனக்கு வெளிய பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எது வரைக்கும்? திருநெல்வேலியா. நான் கோவில்பட்டி. மக வீடு அங்கன இருக்கு. மாட்டுத்தாவணில ஏறுனதுலேர்ந்து பக்கத்துல ஆளே இல்லாம உம்முனு வந்தேன். நீங்க ஏறுனது நல்லதாப் போச்சு.

அட்டைக்குள்ள ஒரு படம் இருக்கு. காலண்டர் அட்டை ரெண்ட எடுத்து, நடுவுல படத்தச் சொருகி, பிளாஸ்டிக் கவர் போட்டு, பார்சல் கட்டுற நூலால சுத்தி வச்சிருக்கேன். கண்ணாடி போட்டு மாட்டலாம்லான்னு கேக்காங்க. கண்ணாடி போட்டா சுவத்துல ஆணி அடிக்கணும். ஆணி அடிச்சா எவளாவது வந்து ஒரு முழம் பூவத் தொங்க விட்டுருவா. எம் பொண்டாட்டி படம் அண்ணாச்சி. உசுரோட இருக்கறவளுக்குப் பூப் போடலாமா, விளக்கு ஏத்தலாமா. நீங்களே சொல்லுங்க.

அந்த வழக்குதான் இப்பம் அப்பனுக்கும் மகளுக்கும். அம்மா போய்ச் சேந்துட்டான்னு மக சொல்லுதா. இருக்கான்னு நான் சொல்லுதேன். படத்தக் கொடு, வீட்டுல மாட்டி விளக்கு ஏத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. நான் கொடுக்கல. அப்பம் எங்கூடப் பேசாதன்னுட்டா. பெத்த மக. பேசுறதே இல்ல. பொங்கலுக்குப் போனேன், எல போட்டா, சோறு வச்சா, வாயத் தொறக்கல. அப்பிடி ஒரு சோத்த நாயி கூடத் திங்காது.

பாக்கீங்களா? இருங்க, நூல அவுக்கேன். ஓரத்தப் பிடிச்சு வாங்குங்க, கை ஈரம் படக் கூடாதாம்.

ஆமா, ஒரே கலர்தான். எல்லாரும் முதல்ல அதத்தான் கேப்பாங்க. வரக்காப்பிக் கலரு. திக்கா ஊத்துன காப்பி, தண்ணியா ஊத்துன காப்பி, அவ்வளவுதான் வித்தியாசம். இது போட்டோ இல்ல. பேனாவால வரஞ்சதும் இல்ல. அச்சு. தாமிரத் தகட்டுல குங்கிலியம் மாதிரி ஒரு பிசினப் பொடியாக்கித் தூவி, கீழ சூடு காட்டி உருக்கி ஒட்ட வச்சு, அப்புறமா ஆசிட்டுல போடுறாங்க. ஆசிட்டு அந்தப் பொடிக்கு இடையில போயி தகடத் திங்குது. கொஞ்ச நேரம் கிடந்தா வெளுப்பு, நெடுநேரம் கிடந்தா கருப்பு. கல்லுல பரோட்டாவ விட்டா கருகுதுல்லா, அதே கதைதான். அக்குவாடிண்டுன்னு ஒரு பேரு சொன்னாக. எனக்கு நேத்துத்தான் தெரியும். இத்தன வருசமா இத நான் பென்சில் படம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

முக்காலியில உக்காந்திருக்கால்லா, அதான் வெள்ளத்தாயி. மூஞ்சி சரியாத் தெரியாது. குனிஞ்சிருக்கா, பாதி மூஞ்சி இருட்டுல போயிருச்சு. கழுத்தப் பாருங்க. இடப்பக்கம். காதுக்குக் கீழ இருந்து தோளு வரைக்கும் ஒழுகின மாதிரி வெள்ளையா இறங்குது பாருங்க. படம் முழுக்க அந்த ஒரு இடந்தான் வெள்ளை. அது தழும்பு. சால்னா கொட்டிருச்சு. நான் பரோட்டா மாஸ்டர், எங்க பொழப்புல கொட்டுறதும் சிந்துறதும் உள்ளதுதான். என் கையப் பாருங்க, எத்தன இடத்துல இருக்குன்னு. நான் என்ன, ஊரக் கூட்டி ஒப்பாரியா வச்சேன்.

இன்னொண்ணும் பாருங்க. சேலைய எப்பிடிக் கட்டியிருக்கா? முந்தானை வலது தோள்ல கிடக்கு. நம்ம பொம்பளைக எவளாவது இப்பிடிப் போடுவாளா? சேட்டு வீட்டுப் பொம்பளைகதான் போடுவாக. படத்த வரஞ்ச அம்மா சொல்லிக்கொடுத்து இப்பிடி உக்கார வச்சிருக்கு. பணக்காரிகளுக்கு ஏழை பாழைய வேசம் கட்டிப் பாக்கதுல ஒரு சந்தோசம். எனக்கு இதப் பாத்ததுமே பத்திக்கிட்டு வந்துச்சு. ஆம்பள வரஞ்சிருந்தான்னா அன்னைக்கே வெட்டிப் போட்டுட்டு உள்ள போயிருப்பேன். வரஞ்சது பொம்பள. என்ன செய்ய.

வசுமதின்னு பேரு. மெட்ராஸ் தாண்டி கடற்கரை ரோட்டுல அவுக பட்டறை. பட்டறைன்னா நம்ம ஊரு கொல்லம்பட்டறை இல்ல, படம் அச்சடிக்கிற பட்டறை. பெரிய இரும்பு உருளை ஒண்ணு நடுவுல நிக்கும். நான் அப்பம் அதே ரோட்டுல ஒரு ஓட்டல்ல மாஸ்டரு. சங்கரபாண்டி மாஸ்டர்னு கேட்டுப் பாருங்க, காரை நிப்பாட்டி நான் வீசுறதப் பாத்துட்டுப் போவான். வெள்ளத்தாயி அந்தப் பட்டறையில கூட்டிப் பெருக்குனா. நான்தான் அனுப்புனேன். வீட்டுல சும்மா இருந்தா பொம்பள மனசு எங்கெங்கயோ போகும்லா. கூட்டுனமா, வந்தமான்னு இருக்க வேண்டியதுதான. மத்தியானம் மத்தியானம் அங்கன போயி முக்காலியில உக்காந்திருக்கா. எனக்குத் தெரியவே தெரியாது.

அவ பேச மாட்டா, பாத்துக்கிடுங்க. நான் பேசுவேன், அவ கேப்பா. நல்ல குடித்தனம்னா அதான. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வுன்னு இல்லாட்டியும், ஒத்தப் பொம்பளப் பிள்ளையோட நல்லாத்தான் இருந்தோம். கை நீட்டுனேனான்னா, நீட்டாத வீடு எது. அதுவும் சும்மா இல்ல. கல்லுக்கு முன்னால நாள் பூரா வெந்துட்டு வாரவன், அவனுக்கு ஒரு கோவம் வரும், போகும். வந்த கோவத்த வாங்கி வச்சுக்கிடாம விட்டுறணும். அவ வாங்கி வச்சுக்கிடுவா.

பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயசு வந்ததும் கோவில்பட்டியில எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். அந்தக் கடற்கரையில என்ன படிப்பு இருக்கு? பிள்ளைய எங்கிட்ட இருந்து பிரிக்காதீங்கன்னு அழுதா. ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டா. நான் என்ன நினைச்சேன், சரியாயிருச்சுன்னு நினைச்சேன். ஒரு நாள் மத்தியானம் ஓட்டல்ல இருந்து வாரேன், வீட்டுல ஆள் இல்ல. கதவு சாத்தியிருக்கு, அடுப்புல சோறு இருக்கு, கொழம்பு இருக்கு. ஒரு காரணம் இல்ல அண்ணாச்சி. முந்துன நாள் சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறும். ஒண்ணுமே இல்ல.

எதெத எடுத்துட்டுப் போயிருக்கான்னு டிரங்குப் பெட்டியத் தொறந்தேன். அடியில விரிச்ச பேப்பருக்குக் கீழ இந்தப் படம். ஒரு படம் அவளுக்குன்னு அந்த அம்மா கொடுத்திருக்கு போல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனவ இத விட்டுட்டுப் போயிருக்கா. எனக்குன்னுதான் விட்டுட்டுப் போயிருக்கா. தேடணும்னு ஆசைப்பட்டுத்தான் அடையாளம் வச்சுட்டுப் போயிருக்கா. வேற என்னத்துக்கு? அப்பிடித்தான நம்மளும் எடுத்துக்கிட முடியும்.

நேரா அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கா. அது உண்மை. வாசல்ல நின்னு, பிள்ளைய ஒரு தடவை பாத்துட்டுப் போறேன் மதினின்னு கேட்டிருக்கா. அக்கா விடல. விடக்கூடாதுன்னு நான்தான் போன்ல சொல்லி வச்சிருந்தேன். புருசன் வேண்டாம்னு போனவளுக்குப் பிள்ளை மட்டும் வேணுமான்னு ஒரு ரோசம். ரெண்டு நாள் வெயில்ல நின்னா திரும்பி எங்கிட்டத்தான வரணும்னு கணக்குப் போட்டேன். வரல. அதுக்கப்புறம் எங்க போனா, எந்த பஸ்ஸுல ஏறினா, ஒரு தகவல் இல்ல.

நான் தேடுனேன் அண்ணாச்சி. என்ன மாதிரி எவனும் தேடியிருக்க மாட்டான். வேலைய விட்டுட்டு ஊருப் பக்கம் வந்துட்டேன். சங்கரன்கோவில் ஆடித்தவசு, திருச்செந்தூரு, இருக்கங்குடி, கூட்டம் கூடுற இடம் ஒண்ணு விடல. பஸ் ஸ்டாண்டுல நின்னு இந்தப் படத்தக் காட்டிக் காட்டிக் கேப்பேன். சில பேரு சிரிப்பான். என்னண்ணே, சுட்டுப்போட்ட படமான்னு கேப்பான். போலீஸ் ஸ்டேசன்ல, இது என்னய்யா படம், போட்டோ கொண்டான்னு சொல்லி விரட்டுனாங்க. போட்டோவுக்கு எங்க போக? கல்யாணப் போட்டோ ஒண்ணு இருந்துச்சு, ஒரு நாள் கோவத்துல வாசல்ல போட்டு உடைச்சதுல மழையில நனைஞ்சு போச்சு. ஓட்டு அட்டைய அவ கையோட கொண்டு போயிட்டா. கடைசில அடையாளம் சொல்லுன்னாங்க. சொன்னேன். மாநிறம், குட்டை, இடது கழுத்துல தீத்தழும்பு.

இடதுன்னு எத வச்சுச் சொன்ன, நேர்ல பாத்ததா, படத்துல பாத்ததான்னு மக கேக்கா. படத்தப் பாத்துத்தான் சொன்னேன். பொண்டாட்டி கழுத்துல எது எந்தப் பக்கம் இருக்குன்னு எவன் குறிச்சு வச்சுக்கிட்டுத் திரியுதான்? நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க, உங்க வீட்டம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? பாத்தீங்களா, யோசிக்கீங்க. நல்ல குடும்பஸ்தன் நீங்க, நீங்களே யோசிக்கீங்க.

சும்மா சொல்லலாமா, அண்ணாச்சி. படம் பொய் சொல்லாதுல்லா. நம்ம புத்தி மறக்கும், படம் மறக்குமா?

அப்புறம் ஒரு ஐப்பசி. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன், நல்ல மழை. ஒரு வேன் டிரைவர் படத்த வாங்கிப் பாத்தான். எங்க இல்லத்துல ஒரு அம்மா இருக்காங்க, இந்த மாதிரி கழுத்துல தழும்பு இருக்கு, வாய் பேச வராது, வந்து பாருங்கன்னான். ஆதரவு இல்லாத பொம்பளைகள வச்சிருக்கிற இடம். கன்னியாஸ்திரிக நடத்துறாங்க. அவன் வேன்லயே ஏறிப் போயிட்டேன். சாமி, அவளா இருக்கணும், இனிமே ஒரு சொல்லு கடுசாச் சொல்ல மாட்டேன்னு வேண்டிக்கிட்டே போனேன்.

சிஸ்டர் ஜெயராணின்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போனாக. கடைசி அறையில கட்டில்ல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு அந்தப் பொம்பள. பேரு தெரியாததுனால மங்களம்னு கூப்பிடுறாங்களாம். தலைய ஒட்ட வெட்டியிருக்கு. பல்லு இல்ல. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு, மூஞ்சில எது எங்க இருக்குன்னே தெரியல. நான் நிலைப்படியத் தாண்டுனதும் நிமிந்து பாத்துச்சு. கையில இருந்த பூண்டு கீழ விழுந்துருச்சு. வெடுக்குனு முந்தானைய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டுச்சு.

சிஸ்டர் பக்கத்துல போயி, பயப்படாதீங்கம்மான்னு சொல்லி சேலைய விலக்கிக் காட்டுனாக. தழும்பு இருக்கு. இதே மாதிரி ஒழுகி இறங்குது. ஆனா வலப்பக்கம் இருக்கு, அண்ணாச்சி. வலப்பக்கம். நான் அவசரப்படல. அட்டையப் பிரிச்சுப் படத்த எடுத்து வச்சு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்தேன். படத்துல இடது. அந்தப் பொம்பளைக்கு வலது. இல்ல சிஸ்டர், இது இல்லன்னுட்டேன்.

நல்லாப் பாருங்க ஐயான்னாக. முகத்தப் பாருங்க, கையப் பாருங்க, இவங்க யாரைக் கண்டும் இப்படிப் பதறுனதில்லன்னாக. ஆம்பளயக் கண்டா பயப்படுற கேசு போலன்னேன். பாவம், எவன் என்ன பாடு படுத்துனானோ.

அப்பம் அந்தப் பொம்பள கைய நீட்டுச்சு. படத்தக் கேக்கு. சரி, பாக்கட்டும்னு கொடுத்தேன். வாங்கி மடியில வச்சு, குனிஞ்சு, ரொம்ப நேரம் பாத்துச்சு. ஒரு விரலால அந்த வெள்ளையத் தடவுச்சு. தடவிட்டு அதே கைய எடுத்துத் தன் கழுத்துல வச்சுக்கிட்டுச்சு. சிஸ்டர் என்னப் பாக்காக. குழந்தைக்கு எந்தப் படத்தக் கொடுத்தாலும் அப்பிடித்தான செய்யும். திருப்பிக் கேட்டா தர மாட்டேங்கு. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரே பிடி. எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான், விட்டுற முடியுமா? பிடுங்கித்தான் வாங்குனேன். இந்த மூலை கிழிஞ்சிருக்கு பாருங்க, அங்க வச்சுக் கிழிஞ்சதுதான். பிடுங்குனதும் அது செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துருச்சு. கட்டுன பொண்டாட்டின்னா, இத்தன வருசம் கழிச்சு வந்த புருசனப் பாத்து செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுப்பாளா?

வெளிய வந்து டீ கொடுத்தாக. குடிச்சேன். யாரு பெத்த பிள்ளையோ, நல்லாப் பாத்துக்கிடுங்க சிஸ்டர்னு சொல்லிட்டு வந்துட்டேன். மனசு கேக்காம அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு. அந்நியப் பொம்பளைக்கே அப்பிடி.

மககிட்ட நான் சொல்லியிருக்கவே கூடாது. கோயம்புத்தூர்ல நர்சா இருந்தா அப்பம், முத்துச்செல்வின்னு பேரு. தை மாசம் போன்ல பேசும்போது வாய் சும்மா இருக்காம, இந்த மாதிரி ஒண்ணப் பாத்தேன் தாயி, தழும்பு எல்லாம் இருந்துச்சு, ஆனா வலப்பக்கம்னு சொன்னேன். உடனே கேட்டா, ஏப்பா, அம்மாவுக்கு வலப்பக்கந்தானப்பான்னு. நான் சிரிச்சேன். மறுநாளே கிளம்பிப் போயிருக்கா. மார்கழியிலயே அந்தப் பொம்பள செத்துப் போச்சாம். கேக்கதுக்கு ஆள் இல்லன்னு அவுகளே எரிச்சுட்டாங்க. மக பாத்தது வெறுங்கட்டில்.

அன்னையிலேர்ந்து எனக்கு மக இல்ல. அவ சொல்லுத நியாயத்தக் கேளுங்க. சின்னப் பிள்ளையில அம்மா தோள்ல சாஞ்சு படுத்திருப்பேன், என் வாய் அந்தத் தழும்புல படும், அது வலது தோளுங்கா. நான் கேட்டேன், பால்குடிப் பிள்ளைக்கு எது வலது, எது இடதுன்னு தெரியுமா? அதுக்கு, முந்தானையப் பாருப்பா, எந்த ஊருல அம்மா வலது தோள்ல முந்தானை போட்டா, படமே திரும்பி இருக்குன்னு கத்துதா. படம் எப்பிடித் திரும்பும்? அதுக்கென்ன கால் இருக்கா?

அப்பம் நான் ஒரு முடிவு சொன்னேன். படம் வரஞ்ச அந்த வசுமதி அம்மாகிட்டயே போறேன். இடதுன்னு அவுக சொன்னா நீ வாய மூடணும். வலதுன்னு சொன்னா படத்தக் கொண்டாந்து உங் கையில கொடுத்துட்டு, நானே முதல் விளக்க ஏத்துதேன். சரின்னா. ரொம்ப நாளைக்கு அப்புறம் எம் மூஞ்சியப் பாத்துச் சொன்ன ஒரே சொல்லு அதுதான்.

அங்க போயிட்டுத்தான் வாரேன்.

அந்த அம்மாவுக்கு வயசாயிருச்சு. ஆனா என்னக் கண்டதும் தெரிஞ்சுக்கிட்டாக. உக்காருங்கன்னு சொல்லல. வெள்ளத்தாயி எங்கன்னுதான் முதக் கேள்வி. எங்க இருக்கான்னு தேடித்தான் வந்திருக்கேன்னு சொல்லி, விசயத்தச் சொன்னேன். உள்ள போயி, துணியில சுத்தி வச்சிருந்த ஒரு தகட எடுத்துட்டு வந்தாக. தாமிரத் தகடு. இந்தப் படத்தோட தகடு அதுதானாம். சாய்ச்சுப் பிடிச்சுக் காட்டுனாக. அதுல வெள்ளத்தாயி அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கா. முந்தானை இடது தோள்ல. தழும்பு வலது கழுத்துல.

"நான் அவளப் பாத்துப் பாத்து நேரா தகட்டுலயே வரஞ்சேன். தகட்டுல மை தடவி காகிதத்த மேல வச்சு அழுத்துனா, வலது இடதாத்தான் விழும்"னாக.

நான் விடுவேனா? "தினமும் பேப்பர் அச்சடிக்கான், தலைவர் படம் போடுதான், அதெல்லாம் திரும்பியா இருக்கு? நீங்க படிச்சவுக, நான் படிக்காதவன்னு எதையும் சொல்லிரலாமா"ன்னு கேட்டேன்.

அவுக கோவப்படல. என் வலது உள்ளங்கையப் பிடிச்சு, அதுல மையத் தடவி, ஒரு காகிதத்துல அழுத்துனாக. "பாருங்க மாஸ்டர், கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கு"ன்னாக. பாத்தேன். இந்தா, மை இன்னும் போகல.

"திருப்பி வரஞ்சிருக்கலாம்ல? நேரா விழுற மாதிரி வரஞ்சிருக்கலாம்ல?"

"வரஞ்சிருக்கலாம். தழும்பு எந்தப் பக்கம்னு அவ புருசன் ஒரு நாள் எங்கிட்ட வந்து கேப்பான்னு எனக்குத் தோணல"ன்னாக.

எப்பிடி இருக்கு பாருங்க அந்தம்மா பேச்சு. அவுக செஞ்ச தப்புக்கு எம் மேல பழி. ஒரு குடும்பமே இதுல சிக்கிக் கிடக்கு, அவுகளுக்கு அது கலை. அந்த வெள்ளை எப்பிடி வந்துச்சுன்னு வேற சொல்லுதாக. ஆசிட்டுல போடுறதுக்கு முன்னாலயே, எல்லாத்துக்கும் முன்னால, தழும்பு உள்ள இடத்துல மட்டும் ஆசிட்டு தொடாம வார்னிஷப் பூசி மூடிட்டாகளாம். "அவ உடம்புல அந்த ஒரு இடத்துல இனிமே எதுவும் சுடக்கூடாதுன்னு நினைச்சேன்"னாக. சொல்லிட்டுக் கண்ணத் துடைச்சுக்கிட்டாக. எனக்கு எரிச்சலா வந்துச்சு. தகட்டுக்கு அழுவாங்களா?

கிளம்பும்போது வாசல்ல வச்சு, "அது எப்படி ஆச்சுன்னு அவ எங்கிட்ட சொல்லியிருக்கா"ன்னாக.

"சால்னா தவறிக் கொட்டுச்சு"ன்னேன்.

"முதுகக் காட்டித் திரும்பினேன், அதுக்குத்தான்னு சொன்னா"ன்னாக. கதவச் சாத்திட்டாக.

அதான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வாரேன். அந்தம்மா சொல்லுத விடுவோம். மக சொல்லுத விடுவோம். தகடும் வேண்டாம், மையும் வேண்டாம். கொட்டும்போது பக்கத்துல இருந்தது நான். எனக்குத் தெரியாதா? நிதானமா நினைச்சுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது. ஒரு உதவி செய்வீங்களா அண்ணாச்சி? ஒண்ணும் இல்ல, லேசா அந்தச் சன்னல் பக்கமாத் திரும்பி உக்காருங்க. முதுகு எம் பக்கம் இருக்கட்டும். ஆங், அப்பிடித்தான்.

இப்பம் நீங்கதான் அவ. அந்தச் சன்னல்தான் எங்க வீட்டு வாசப்படி. நான் இங்கன அடுப்புக்கிட்ட நிக்கேன். அடுப்புல சால்னா கொதிக்குது. அவ தம்பிக்குக் கல்யாணம், போகணும்னா. சீசன் நேரம், ஓட்டல்ல லீவு தர மாட்டான், நானும் இல்லாம நீ மட்டும் என்ன போறதுன்னேன். நான் போயிட்டு வந்துருதேன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டுப் பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. நான் பேசிக்கிட்டு இருக்கேன், அவ வாசலப் பாத்து நடக்கா. கரண்டி இந்தக் கையில இருக்கு, சோத்துக்கையில. பெரிய கரண்டி. தவறித்தான் போச்சு. கை அதுவா உசந்து இப்பிடி.

இப்பிடி.

திரும்பாதீங்க அண்ணாச்சி. கொஞ்சம் அப்பிடியே இருங்க.

பிள்ள இடது இடுப்புல இருந்துச்சு. பொம்பளைக அந்தப் பக்கந்தான தூக்குவாங்க. தலைய இடது தோள்ல சாச்சுத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. பிள்ள மேல ஒரு சொட்டுப் படல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஓடிப்போயி பிள்ளையத்தான் முதல்ல தூக்கிப் பாத்தேன். ஒரு சொட்டுப் படல. முழிக்கக்கூட இல்ல. இன்னைக்கும் முத்துச்செல்வி மேல ஒரு தழும்பு கிடையாது.

சரி. திரும்பி உக்காருங்க. போதும்.

இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணுல காத்து அடிக்குது. படத்தக் கொடுங்க, கட்டி வச்சுருதேன்.

சாத்தூரு தாண்டிருச்சு போல. கோவில்பட்டி வந்துருமே. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன்னு சொன்னா மக. என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கிட அவளுக்கு அவ்வளவு அவசரம். நீங்க சன்னல லேசா மூடுனா நல்லது. வெளிய இருந்து பாத்தா ஆளு தெரியும்.

கண்டக்டர் வந்தா திருநெல்வேலிக்குச் சேத்து டிக்கெட் போடச் சொல்லணும். நான் திருநெல்வேலில இன்னும் ஒழுங்காத் தேடவே இல்ல அண்ணாச்சி. ஜங்ஷன்ல ஒரு நாள் நின்னேன், புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதே இல்ல. நீங்க அந்த ஊர்க்காரரு, நாலு இடம் போவீங்க, வருவீங்க. பாத்தா சொல்லுங்க. பேரு வெள்ளத்தாயி. மாநிறமா இருப்பா, குட்டையா இருப்பா. அதிகம் பேச மாட்டா. இடது கழுத்துல தழும்பு இருக்கும்.